கல்யாணம் முடியட்டும்

கடையில் எல்லோரும் அவளை இஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நகரத்தின் பெரிய துணிக்கடை அது. மூன்றாவது மாடியில் லிப்டை விட்டு வெளியே வந்தால் இடதுபக்கம் பெண்களின் உள்ளாடைப் பிரிவு. ஆண்கள் அந்தப் பக்கம் வந்துவிட்டால், கைப்பேசியில் ஏதோ அவசரச் செய்தி வந்ததுபோல் குனிந்துகொண்டே கடந்து போவார்கள். கல்யாணமான புதிதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவள், நாற்பதைத் தாண்டியும் அதே கவுண்டரில்தான் நின்றாள். கழுத்தில் டேப் தொங்கும், ஆனால் அதை எடுக்கமாட்டாள். ஒருத்தி நடந்து வரும்போதே "முப்பத்தாறு இஞ்ச்" என்று கை ரேக்குக்குப் போய்விடும். நாளெல்லாம் இஞ்ச், இஞ்ச் என்று கேட்டுக் கேட்டு, பில் போடுகிறவர்கள் அவளை இஞ்சி ஆக்கிவிட்டார்கள். பேச்சிலும் கொஞ்சம் காரம் உண்டு என்பதால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

கூச்சப்பட்டுக்கொண்டு வருகிறவர்களை அவளுக்குப் பிடிக்கும். வருஷக்கணக்கில் தப்பான அளவைப் போட்டு, தோளில் பட்டை பதிந்துபோய், தன் உடம்புதான் கோணல் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். "உடம்பு சரியாத்தாம்மா இருக்கு. துணிதான் சரியில்லை" என்பாள். அதைக் கேட்டு அழுதவர்கள்கூட உண்டு.

கணவன் லிப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். குழந்தை இல்லை. அக்காவின் ஒரே மகள்தான் இவளுக்கும் மகள். ஆள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இஞ்சி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். கடைசி மாதங்களில் அம்மாவின் அறைக்குள் அக்கா மட்டும்தான் போவாள், வருவாள். அதற்குப் பிறகு தலை பின்னிவிட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அக்காதான். பத்து வயது மூத்தவள். அக்கா வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் இஞ்சிக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அதனால்தான், ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணிபோல் ஏதோ விரலில் பட்டதும், கணவனிடம்கூடச் சொல்லாமல் அக்காவுக்குத்தான் போன் போட்டாள். கடை ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற பின்பக்கப் படிக்கட்டில் நின்று பேசினாள்.

"அக்கா, இடது பக்கம் என்னமோ உருண்டையா தட்டுப்படுது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இவள் "அக்கா?" என்றாள்.

"வலிக்குதா?"

"இல்லை."

"வலி இல்லேன்னா ஒண்ணும் இல்லடி. கொழுப்புக் கட்டியா இருக்கும். எனக்கும் ஒரு தரம் வந்துச்சு. தானா கரைஞ்சு போச்சு."

"எதுக்கும் ஒரு எட்டு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேனே."

"காட்டலாம், அது எங்க ஓடிப்போகுது? இப்பப் போனா அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட்டுன்னு இழுத்தடிப்பாங்க. பாப்பா கல்யாணத்தை வச்சுக்கிட்டு நீ படுத்துட்டா எனக்குன்னு யாரு இருக்கா? கல்யாணம் முடியட்டும். நானே கூட வரேன்."

இஞ்சிக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவுக்கும் வந்து கரைந்திருக்கிறது என்றால் தனக்கும் கரையும்.

கல்யாண வேலையில் மாதங்கள் ஓடின. பாப்பாவுக்குத் துணிமணி எடுத்ததெல்லாம் இஞ்சிதான். சம்பந்தி வீட்டார் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ரகம். "உங்க பக்கம் யாருக்காவது பெரிய நோய் நொடி இருந்திருக்கா?" என்று பேச்சோடு பேச்சாக ஒருநாள் கேட்டார்கள். "எங்க குடும்பத்துல எல்லாரும் கல்லு மாதிரி" என்றாள் அக்கா. பக்கத்தில் இருந்த இஞ்சியும் தலையாட்டினாள்.

பட்டாணி கரையவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அது கோலிக்குண்டாகியிருந்தது. மண்டபத்தில் அக்காவைத் தனியாகப் பிடித்துச் சொல்லப் போனாள். "மெதுவா பேசுடி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்கறாங்க" என்று அவள் கையை அழுத்தினாள் அக்கா. கல்யாணம் முடிந்தது. "பாப்பா புது வீட்டுல கொஞ்சம் காலூன்றட்டும்" என்றாள். அதுவும் ஆயிற்று. ஒருநாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது அந்த இடத்துத் தோல் உள்ளே இழுத்துச் சுருங்கியிருந்தது. இதற்குமேல் இஞ்சி யாரையும் கேட்கவில்லை. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், கூட வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. படம் எடுத்து, ஊசி வைத்துச் சதை எடுத்து, சோதனை முடிவு வந்த பிறகு இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது மார்புல கட்டி, புற்றுநோய்ன்னு வந்திருக்கா? அம்மாவுக்கு?"

"அம்மா வயித்துக் கட்டியில போனாங்க" என்றாள் இஞ்சி.

"கூடப் பிறந்தவங்க?"

"நான் ஒருத்திதான். எனக்கு அப்படி எதுவும் இல்லை" என்றாள் அக்கா. குரல் பிசிறவில்லை.

"வலிக்கலேன்னு விட்டுட்டேன் டாக்டர்" என்றாள் இஞ்சி, தப்பு செய்த பிள்ளைபோல.

"வலிக்காத கட்டிக்குத்தான் பயப்படணும். முதல்லயே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப அக்குள் வரைக்கும் போயிருக்கு. முழுசா எடுக்கணும்."

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்கா இஞ்சியின் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டாள். பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. காயத்திலிருந்து நீர் வடிகிற குழாயை மேலிருந்து கீழாக எப்படி உருவிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லவந்தபோது, அக்கா அதைச் செய்துகொண்டிருந்தாள். படுக்கும்போது கைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள். சுவரில் விரல்களை எறும்புபோல மேலே ஏற்றிக் கையைத் தூக்கப் பழக்கினாள். "எங்கக்கா இந்த ஜென்மத்துல எனக்கு ரெண்டாவது அம்மா" என்று இஞ்சி கணவனிடம் சொல்லிக் கண்கலங்கினாள். அவரும் ஆமாம் என்றார்.

குழாயை எடுத்து, தையல் பிரித்த பிறகு, மறுபடி டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய நாள் வந்தது. இஞ்சி சட்டையை மாட்டிக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். ஒரு பக்கம் துணி நிமிர்ந்து நின்றது. மறுபக்கம் ஹேங்கரில் தொங்குவதுபோல் சரிந்து கிடந்தது. எத்தனையோ பெண்களைக் கடைக் கண்ணாடி முன்னால் நிறுத்திச் சமாதானம் சொன்னவள், தனக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

அக்கா தன் பையைக் குடைந்து ஒரு மெத்தென்ற பஞ்சு உருண்டையைக் கொண்டுவந்தாள். பருத்தித் துணியில் தைத்தது.

"இதை உள்ள வச்சுக்கோ. ஒரு வித்தியாசமும் தெரியாது."

"ஏது இது?"

"எங்க பக்கத்து வீட்டம்மாவோடது. அவங்களுக்குப் புதுசு வந்துடுச்சு. இதை எனக்குக் கொடுத்தாங்க."

இஞ்சி அதை வாங்கினாள். கைக்குப் பழகிப்போன வேலை, யோசிக்காமலே நடந்தது. அமுக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அடியில் எடைக்காக மணிகள் போட்டிருந்தன. அக்குள் பக்கம் போகிற வால்போன்ற முனை வலது பக்கத்துக்கானது. அளவு முப்பத்தெட்டு. பலமுறை துவைத்து வெளிறிய துணியை ஓரத்தில் யாரோ புதிதாகத் தைத்திருந்தார்கள், நூலை இரண்டாக மடித்து, முடிச்சு மேல் முடிச்சு போட்டு. இஞ்சியின் பள்ளிக்கூடச் சட்டையில் பொத்தான் அறுந்தால் அக்கா அப்படித்தான் தைத்துத் தருவாள். முகத்தருகே கொண்டுபோனாள். அக்கா போடுகிற பவுடர் வாசம்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து நின்றது. அக்காவுக்கு அவள்தான் எப்போதும் அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பாள். ஆறேழு வருஷமாக அக்கா கடைப்பக்கமே வரவில்லை. "வயசாச்சு, இனிமே எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். அதே சமயத்தில்தான் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று வெளியூரில் போய்ப் படுத்திருந்தாள். பார்க்க வருகிறேன் என்றதற்கு, "இன்பெக்‌ஷன் ஆயிடும், யாரையும் விடமாட்டேங்கறாங்க" என்று மாமா தடுத்துவிட்டார்.

"அக்கா, சட்டையைக் கழட்டு."

"என்னடி உளர்றே?"

"கழட்டுன்னு சொல்றேன்."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். அக்கா எழுந்து திரையை இழுத்துவிட்டு, பொத்தான்களை ஒன்றொன்றாகக் கழற்றினாள். வலது பக்கம் தட்டையாக இருந்தது. அக்குளிலிருந்து நடுநெஞ்சு வரைக்கும் ஒரு கோடு. இஞ்சியின் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. இது வெளுத்து, பழசாகி, தோலோடு தோலாகியிருந்தது.

முதலில் இஞ்சிக்கு வந்தது பாவம் என்கிற எண்ணம்தான். தனியாக இதைச் சுமந்திருக்கிறாளே என்று கையை நீட்டப் போனாள். அதற்குள் படிக்கட்டில் நின்று கேட்ட குரல் காதில் வந்தது.

"இதுதான் தானா கரைஞ்சு போனதா?"

அக்கா சட்டையை இழுத்து மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பாப்பா அப்ப காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தா. இப்படி ஒரு வியாதி இருக்குற வீட்டுல யாரு பொண்ணு எடுப்பாங்க? உங்க மாமா சொன்னாரு, நம்ம ரெண்டு பேரைத் தவிர மூணாவது காதுக்குப் போகக்கூடாதுன்னு. அவரு அதுக்கப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலடி. தனி ரூம்ல படுத்துக்கறாரு. அது உனக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு வயித்துலதானே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாவுக்கும் இதேதான். வெளியே தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகாதுன்னு அப்பா வயித்துல கட்டின்னு சொல்லச் சொன்னாரு. கடைசியில புண்ணாயிடுச்சு. நான்தான் துடைச்சுவிடுவேன்."

இஞ்சி எழுந்து அவள் எதிரே நின்றாள்.

"அப்ப நான் போன் பண்ணின நிமிஷமே உனக்குத் தெரியும்."

"அப்படியெல்லாம் இல்லை. ஒருவேளை இருக்குமோன்னு..."

"தெரியும். டாக்டர் கேட்டப்பகூட அவங்க கண்ணைப் பார்த்து இல்லைன்னு சொன்னே."

"உனக்குன்னு தெரிஞ்சா சம்பந்தி வீட்டுல தோண்டித் துருவி எல்லாத்தையும் எடுத்திருப்பாங்க. கல்யாணம் நின்னு போயிருக்கும். முடியட்டும்னுதான் நினைச்சேன். நாலஞ்சு மாசத்துல என்ன பெருசா ஆயிடப்போகுதுன்னு நினைச்சுட்டேன்டி."

"நீ எத்தனை மாசம் காத்திருந்தே?"

அக்கா பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. உனக்குக் கட்டி தட்டுப்பட்டு எத்தனை மாசம் கழிச்சு டாக்டர்கிட்ட போனே?"

"மறுநாளே போயிட்டேன்" என்றாள் அக்கா.

எதிர்வீட்டுக் குழாயை யாரோ மூடினார்கள். இஞ்சி அந்தப் பஞ்சு உருண்டையை அக்காவின் மடியில் வைத்தாள்.

"இதை எடுத்துக்கிட்டுப் போ. உனக்குத் தேவைப்படும்."

"நீ தனியா எப்படிச் சமாளிப்பே? கையே இன்னும் முழுசா தூக்க வரலை."

"கிளம்புக்கா. அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்பு."

அன்று டாக்டரிடம் தனியாகத்தான் போனாள். சட்டைக்கு மேல் ஒரு துண்டைக் குறுக்கே போர்த்திக்கொண்டாள். அம்மாவைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற வகை அது என்று சில வாரங்களில் தெரிந்தது. இன்னொரு மார்பையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும்.

"உங்க அக்காவுக்குப் பொண்ணு இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இருக்கா."

"அவங்களுக்குச் சொல்லியாகணும்."

அக்கா கிளம்பிப் போன அன்றே வீட்டில் கணவர் அக்கா எங்கே என்று கேட்டதற்கு, "அவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். நடந்ததைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. தப்பு செய்தவள் அக்கா, வெட்கம் மட்டும் இவளுக்கு எப்படி வந்தது என்று புரியவில்லை.

அவர்தான் இப்போது மருந்து போட்டுவிட வேண்டும். கிரீஸ் கறையை சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே போடுவார். பாதி மருந்து சட்டைக்குப் போகும். ஒருநாள் காலையில் அவள் துணி மாற்றும்போது தெரியாமல் அறைக்குள் வந்தவர், "மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஏதோ அடுத்த வீட்டுப் பெண் இருந்த அறைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி. அது அவளுக்குத் தையல் பிரித்ததைவிட அதிகமாக வலித்தது.

அக்காவின் வீட்டில் இருக்கும் அந்தத் தனி அறை நினைவுக்கு வந்தது. இதை இப்படியே விட்டால் இந்த வீட்டிலும் ஒரு தனி அறை வந்துவிடும் என்று தோன்றியது. கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"பார்க்கப் பிடிக்கலேன்னா சொல்லிடுங்க. நானே போட்டுக்கறேன்."

"பிடிக்கலேன்னு இல்லை. எங்க பார்க்கறதுன்னு தெரியல."

"மூஞ்சியைப் பாருங்க. அதை யாரும் எடுக்கலை."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று அழுகையானது. அப்போதுதான் அவள் அக்காவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே" என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. ஆனாலும் அது அவளுக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்தது. இவ்வளவு காலம் தன் பயத்தை எல்லாம் ஒரே ஆளிடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள், பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

மருந்து ஏற்றியதில் முடி கொட்டியது. சிகிச்சை முடிந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். சூப்பர்வைசர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, "கொஞ்ச நாள் கீழே சாக்ஸ் பக்கம் இரேன். உடம்பு முக்கியம் பாரு" என்றார்.

"என் உடம்புக்காகச் சொல்றீங்களா, வர்றவங்க பார்வைக்காகச் சொல்றீங்களா?"

"கல்யாணப் பொண்ணுங்க ஆசையா வாங்க வர்ற இடம். உன்னைப் பார்த்தா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் இல்ல? தப்பா நினைச்சுக்காதே."

தப்பாக நினைத்துக்கொண்டுதான் தரைத்தளத்துக்குப் போனாள். சாக்ஸுக்கு அளவு பார்க்க என்ன இருக்கிறது? சின்னது, பெரியது, நடுத்தரம். மேலே மூன்றாவது மாடியில் அவளே பழக்கிவிட்ட பெண்கள் அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி அவள் குடித்த டம்ளரை மட்டும் தனியாகக் கழுவி வைத்தாள்.

இதற்கிடையில் அக்கா விடாமல் போன் செய்தாள். எடுக்காமலே இருந்தவள் ஒருநாள் எடுத்தாள்.

"பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இப்பத்தான் அந்த வீட்டுல நல்ல பேரு எடுத்திருக்கா. ஒரு குழந்தை பிறக்கட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

அதே குரல், அதே அன்பு, அதே தவணை. தன்னைக் காத்திருக்க வைத்ததைக்கூட ஒருவிதத்தில் புரிந்துகொள்ள முயன்றிருந்தாள், மகளுக்காகத்தானே என்று. இப்போது அந்த மகளையே காத்திருக்கச் சொல்கிறாள்.

"நீ சொல்ல மாட்டேக்கா" என்றாள். "நான் சொல்லிடறேன்."

"சொன்னே, அப்புறம் எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லை."

"சரி" என்று போனை வைத்தாள்.

பாப்பாவைக் கடைக்கு வரச் சொன்னாள். பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, தன் அம்மாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பா குறுக்கே பேசாமல் கேட்டாள். அழவும் இல்லை.

"சித்தி, உங்களுக்கு இது எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"எனக்கு ஆபரேஷன் ஆன கொஞ்ச நாள்ல."

"அப்ப இத்தனை மாசம் நீங்களும் சொல்லலை."

இஞ்சி வாயைத் திறந்தாள். மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன், எழுந்து நிற்கவே முடியவில்லை என்று சொல்ல வந்தாள். அது உண்மைதான். அந்தப் பதிலும் ஒரு தவணை மாதிரியே இருந்ததால் சொல்லவில்லை.

"எனக்காக, எனக்காகன்னு சொல்லிச் சொல்லியே என்னை ஒண்ணும் தெரியாதவளா வச்சிருந்திருக்கீங்க" என்றாள் பாப்பா. "கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா அவர்கிட்ட நானே சொல்லியிருப்பேன். வேணாம்னா போகட்டும்னு விட்டிருப்பேன். உங்க உடம்பை விலையா கொடுத்து எனக்குக் கல்யாணம் பண்ணச் சொல்லி நான் யாரையாவது கேட்டேனா?"

பாப்பா அன்றே தன் கணவனிடம் சொல்லிவிட்டாள். அவன் பயந்தான், ஆனால் கூட நின்றான். மாமியார்தான், "எங்களை நல்லா ஏமாத்திட்டாங்க" என்றாராம். "உங்களை மட்டுமில்லை அத்தை, என்னையும்தான்" என்று பாப்பா சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. ஆனால் யாரும் அவளை வெளியே அனுப்பிவிடவில்லை. அக்கா அத்தனை வருஷம் பயந்து செத்தது இதற்குத்தானா என்று இஞ்சிக்குத் தோன்றியது.

கடையில் தள்ளுபடி விற்பனை தொடங்கியது. மூன்றாவது மாடியில் கூட்டம் நெரிந்தது, அளவு மாறிப்போனதென்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் வரிசையில் நின்று கத்தினார்கள். இஞ்சி யாரையும் கேட்கவில்லை. சாக்ஸ் கவுண்டரைப் பூட்டி, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லிப்டில் ஏறினாள். தலையில் முடி ஒட்ட வெட்டியதுபோல முளைத்திருந்தது. இடது பக்கம் அவள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்தால் தழும்பில் உராய்ந்தது. வாடிக்கையாளர்களில் சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். கல்யாணப் பெண் ஒருத்தி மட்டும் அவள் நெஞ்சையே வெறித்துவிட்டு வேறு கவுண்டருக்கு நகர்ந்தாள். இஞ்சிக்கு முகம் சுட்டது. அடுத்து நின்றவளைக் கூப்பிட்டாள். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அவள் நேராக மூன்றாவது மாடிக்கே போனாள்.

பாப்பாவின் ரத்தத்திலும் அந்தப் பரம்பரைக் கோளாறு இருந்தது. ஆனால் படத்தில் கட்டி எதுவும் இல்லை. வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஏதாவது வந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்றார் டாக்டர். அன்று பாப்பா இஞ்சியைத்தான் துணைக்கு அழைத்திருந்தாள். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும், "அம்மா கீழே கார்ல இருக்கா சித்தி. மேல வரமாட்டேன்னுட்டா. உங்களைப் பார்க்கணுமாம்" என்றாள்.

"படம் சுத்தமா இருக்குன்னு போய்ச் சொல்லு. பயந்துக்கிட்டிருப்பா."

"நீங்க வரலையா?"

"எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

பாப்பா அவள் முகத்தையே பார்த்தாள். "மன்னிக்கவே மாட்டீங்களா?"

மன்னிப்பு என்பது ஒரே நாளில் கொடுத்து முடிக்கிற சாமானாக இஞ்சிக்குத் தெரியவில்லை.

"உங்கம்மாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா முதல் ஆளா ஓடிப்போய் நிப்பேன். அதுல சந்தேகமே வேணாம். ஆனா இனிமே எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா அவகிட்ட சொல்லமாட்டேன். அவ்வளவுதான்."

பாப்பா முன்பக்கப் படியில் இறங்கினாள். இஞ்சி ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக வெளியேறி, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.